ராஜவேல் மில்லின் இரும்புத் தட்டு

முதலியார்பேட்டையில் மாவு மில் வைத்திருக்கும் ராஜவேல் அண்ணனுக்கு மெக்கானிக் என்றாலே ஆகாது. "அவன் ஸ்பானர கையில எடுத்தாலே மீட்டர் ஓட ஆரம்பிச்சுடும் பார்வதி" என்பார் என்னிடம். மில்லுக்கு எதிரில்தான் என் தையல் கடை. மோட்டார் சத்தம் நின்றால் போதும், மனுஷன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மெஷினுக்கு அடியில் புகுந்துவிடுவார். பெல்ட் அறுந்தால் அவரே தைப்பார். பேரிங் கத்தினால் அவரே மாற்றுவார். நல்ல வேலைக்காரர், இல்லையென்று சொல்ல மாட்டேன். அப்படி மிச்சம் பிடித்துத்தான் மகள் ஹேமலதாவை நர்சிங் படிக்க வைத்து வில்லியனூரில் கட்டிக் கொடுத்தார்.

ரொம்ப வருஷம் காத்திருந்து ஹேமாவுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பாப்பாவுக்குக் கூழ் கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னதும் அண்ணன் ஒரே பிடியாக நின்றார். பேத்தி வாயில் போகிற முதல் மாவு தாத்தா மில்லில் அரைத்ததாகத்தான் இருக்க வேண்டுமாம். தெருவில் ஒருத்தர் விடாமல் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்த நேரம் பார்த்து மில்லின் இரும்புத் தட்டுகள் தேய்ந்து கிடந்தன. தானியம் அந்த இரண்டு தட்டுக்கும் நடுவில்தான் அரைபடும். பல் மழுங்கினால் புதுசு மாட்ட வேண்டும்.

"இந்த வாட்டியாவது புதுசு வாங்குங்க. எத்தினி தடவதான் ராவுவீங்க?" என்று அவர் மனைவி சுடர்விழி தலையில் அடித்துக்கொண்டாள்.

கேட்டால்தானே! "இன்னும் கொஞ்ச நாள் தாங்கும்டி" என்று அரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ராவி முடித்ததும், ஒட்டியிருக்கும் தூள் போவதற்காக வழக்கப்படி கொஞ்சம் நொய்யைப் போட்டு ஓட்டி, அந்த மாவை ஒதுக்கி வாரிக் கொட்டினார். அதிலெல்லாம் ஒரு குறையும் வைக்கவில்லை.

ஆசைதான் அவரைக் கவிழ்த்தது. சுடர்விழி முளைகட்டிக் காயவைத்த கேழ்வரகைக் கொட்டினார். பேத்திக்கு மாவு பவுடர் மாதிரி இருக்க வேண்டும் என்று, தட்டுகளை நெருக்கும் திருகை இறுக்கினார். போதவில்லை, இன்னும் இறுக்கினார். தேய்ந்த தட்டுகள் ஒன்றோடொன்று உரசிக் கீச்சிட்டன.

"அண்ணே, சத்தம் ஒரு மாதிரி வருதே!" என்று கடையிலிருந்தே கத்தினேன்.

"நீ உன் துணியத் தைம்மா" என்றார்.

அரிசி மாவாக இருந்தால் நிறத்திலேயே தெரிந்திருக்கும். கேழ்வரகு மாவே மங்கல் நிறம்தானே, எப்படித் தெரியும்?

ஹேமாவுக்குத் தெரிந்தது. சில நாள் ஊட்டிய பிறகு, கிண்ணத்தின் அடியில் ஏதோ நறநறத்திருக்கிறது. ஒரு காந்தத்தை மாவில் விட்டுப் பார்த்தாள். இரும்புத் தூள் அப்பிக்கொண்டு வந்ததாம். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள். அவர் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பினார். சாமி புண்ணியம், குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஹேமா அப்பாவை ஒரு வார்த்தை திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்கு நல்லதாகப் போயிருக்கும். "பாத்துக்கங்கப்பா, மத்தவங்களும் கொழந்தைக்கு அரைக்க வர்றாங்கல்ல" என்று போனில் சொன்னாள், அவ்வளவுதான்.

அன்றைக்கே போய்ப் புதுத் தட்டு வாங்கி வந்தார். மெக்கானிக்கை வரவழைத்து மாட்டச் சொல்லிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார். பார்க்கவே பாவமாக இருந்தது. மறுபடி கேழ்வரகு முளைகட்டி, காயவைத்து, அரைத்து, சலித்து, ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு வில்லியனூருக்கு பஸ் ஏறினார். பாப்பாவுக்குத் தைத்த கவுனை எடுத்துக்கொண்டு நானும் கூடப் போனேன்.

ஹேமா டப்பாவை இரண்டு கையாலும் வாங்கினாள். "எதுக்குப்பா இவ்ளோ சிரமம்?" என்றாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, "பாப்பாவுக்கு இப்ப பாக்கெட் மாவு பழகிடுச்சுப்பா. இத நாங்க தோசைக்குக் கலந்துக்கறோம்" என்றாள்.

எனக்கு அண்ணன் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அவளையும் குற்றம் சொல்ல முடியாது, பெற்றவள். அவர் சரி சரி என்று தலையை ஆட்டினார். அடுப்பு மேடையில் அந்தப் பாக்கெட் பிரித்தபடி இருந்தது. எழுந்துபோய் ஒரு சிட்டிகை எடுத்து விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தார்.

"நல்லாத்தாம்மா அரைச்சிருக்கான்" என்றார்.