ஒன்பதாம் பந்துக்கு முப்பது விநாடி

யஹ்யா பாயைத் தோற்கடித்த ஆள் என்று மேலப்பாளையத்தில் என்னைக் காட்டிச் சொல்கிறார்கள். கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அது என்ன லட்சணத்து ஜெயம் என்று எனக்கல்லவா தெரியும்? என் பெயர் குற்றாலலிங்கம். களக்காட்டில் பம்புசெட் கடை வைத்திருக்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை, பூல் என்கிற மேசைப் பந்தாட்டத்துக்கான ஸ்டிக்கை உறையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு மேலப்பாளையத்துப் போட்டிக்குப் பஸ் ஏறுவேன். அது துப்பாக்கியா நாதசுரமா என்று கண்டக்டர் கேட்பார். போய் முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டு, வந்த பஸ்ஸிலேயே திரும்புவேன். இந்தத் துறையில் எனக்குப் பன்னிரண்டு வருட அனுபவம் உண்டு.

அந்தப் போட்டியை நடத்துகிறவர் யஹ்யா பாய். ஷார்ஜாவில் ஒரு பெரிய பூல் ஹாலில் பதினோரு வருடம் வேலை பார்த்தவர். தரை கூட்டுவதில் ஆரம்பித்து, மேசை பூட்டப் பழகி, கடைசியில் அங்கே நடக்கிற போட்டிகளுக்கு அட்டவணை போடுகிற இடத்துக்கு வந்தார். காலையில் ஹால் திறப்பதற்கு முன்னால் ஒரு மணி நேரம் தனியாக ஆடுவாராம். நன்றாகவே ஆடினாராம். ஆனால் வேலை பார்க்கிறவர்கள் போட்டியில் சேரக் கூடாது என்பது அந்த ஹாலின் சட்டம். ‘நம்ம ஊருல நானே ஒரு போட்டி வைக்கேன், அதுல நான் ஆடுதேன்’ என்று சபதம் போட்டுவிட்டுத்தான் விமானம் ஏறினார். ஊருக்கு வந்து, தறி போட்டிருந்த நீள ஷெட் ஒன்றை வாங்கி ஆறு மேசை போட்டார். போட்டி வைத்தார். பதினேழு வருடம் வைத்தார். ஒரு வருடம்கூட ஆடவில்லை.

அவர் நடத்துகிற அழகை முதலில் சொல்லிவிட வேண்டும். மொத்தம் முப்பத்திரண்டு பேர். சென்னை, கொச்சி, பெங்களூர் என்று ஆடியே பிழைக்கிற ஆட்கள்தான் பெரும்பாலும். என்னைப் போல நாலைந்து உள்ளூர்ச் சோணகிரிகளும் உண்டு. முந்தின வாரமே ஒவ்வொரு மேசையிலும் பந்தைப் பைய உருட்டிவிட்டுக் குனிந்து பார்ப்பார். ஒரு நூல் சாய்ந்தாலும் காலைத் திருகிச் சரி பண்ணுவார். பந்துகளைக் கழுவித் துடைத்து வைப்பார். வாசலில் ஒரு வாளியும் சோப்பும் இருக்கும். பரோட்டா தின்றுவிட்டு வருகிறவன் எவ்வளவு பெரிய ஆட்டக்காரனாக இருந்தாலும், கழுவிய கையை அவரிடம் நீட்டிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எண்ணெய்க் கை பட்டால் மேசைத் துணி போய்விடும்.

வேடிக்கை பார்க்க வருகிறவர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. அடிக்கிறவன் கண்ணுக்கு நேரே யாரும் உட்காராதபடி பலகைப் படிகளை ஒதுக்கிப் போட்டிருந்தார். முறுக்கும் காராச்சேவும் உள்ளே கூடாது, கடிக்கிற சத்தம் கேட்கும். அல்வா கொண்டுவரலாம். ஆட்டம் தெரியாதவனுக்கும் யார் முன்னால் போகிறார் என்று விளங்குகிற மாதிரி மேசைக்கு மேசை பெரிய எழுத்தில் பலகை இருக்கும். சாயங்கால அஸர் தொழுகைக்கு அரைமணி நேர இடைவேளை, அதையும் அட்டவணையிலேயே அச்சடித்திருப்பார். பெரிய ஊர்ப் போட்டிகளில் எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாமல் நாள் முழுக்கக் காத்துக் கிடந்ததாகவும், இங்கே பதினொன்று பத்து என்றால் பதினொன்று பத்துதான் என்றும் ஒரு கொச்சிக்காரர் என்னிடம் வியந்து போய்ச் சொன்னார்.

இத்தனையும் செய்கிற மனிதர் ஒவ்வொரு வருடமும் நோட்டில் முப்பத்திரண்டாவது பெயராகத் தன் பெயரை எழுதுவார். போட்டி அன்று காலையில் எவனாவது வந்து தலையைச் சொறிந்துகொண்டு நிற்பான். பெயர் கொடுக்க விட்டுப்போச்சு என்பான். இவர் உடனே தன் பெயரை வெட்டிவிட்டு அவன் பெயரை எழுதுவார். வெட்டிய கையோடு எங்களைப் பார்ப்பார். நாங்களும் பாட்டுப் பாடுகிற மாதிரி எல்லாரும் சேர்ந்து, “நீங்க ஆடப் போனா யாரு பாய் நடத்துவா?” என்போம். பாராட்டு என்று நினைத்துத்தான் சொன்னோம். “என்னைய விட மாட்டேங்கீயளேவே” என்று குறைப்பட்டுக்கொண்டே அவர் மேசைக்கு மேசை ஓடுவார். பத்து வருடமாவது நான் அதைப் பார்த்துச் சிரித்திருப்பேன். இப்போது நினைத்தால் என் வாயில் நானே நாலு போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஏனென்றால் இன்னொன்றையும் நான் பார்த்திருக்கிறேன். அரையிறுதி நடக்கும்போது பாய் சுவரோரம் நிற்பார். கையில் ஒன்றும் இருக்காது. வலது முழங்கை மட்டும் முன்னும் பின்னும் போய் வந்துகொண்டிருக்கும். ஆடுகிறவன் அடிக்கிற அதே நொடியில் இவரும் காற்றில் அடிப்பார். யாராவது கூப்பிட்டால் சட்டென்று கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு அந்தப் பக்கம் போவார்.

பதினெட்டாவது வருடம், போட்டிக்கு இரண்டு மாதம் முன்னால், பம்பு ஒன்று மாட்டிக் கொடுக்க அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். சட்டைப் பொத்தான் போட அவருக்கு நெடுநேரம் பிடித்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார். “வலது கை நடுங்குதுவே, லிங்கம். டாக்டர் பாத்துட்டாரு. இப்ப லேசாத்தான் இருக்காம், போகப் போகக் கூடுமாம். வெளிய சொல்லாதீரும்” என்றார்.  பம்பு நன்றாக ஓடும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் அவர் மனைவி மஹ்மூதா பீவி என்னையும் ஹெப்ரானையும் வீட்டுக்கு வரச்சொன்னார். ஹெப்ரான் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் லேப் அசிஸ்டெண்ட். ஆறு வருடமாகப் போட்டியில் பலகை எழுதுகிறவர், அதிகம் பேசாத மனிதர். கைநடுக்கம் பற்றி அந்த அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“தம்பி, இந்த வருசம் நடத்துத வேலை ஒங்களுக்கு” என்றார் ஹெப்ரானிடம். “அவுக ஆடுவாக. அவுக பேரை யாரு வெட்டுனாலும் சரி, நானே வந்து ஷெட்டு வாசல்ல நிப்பேன்.”

“ஆறு மேசையையும் ஒத்தை ஆளா அவனால பாக்க முடியாது மஹ்மூதா” என்றார் பாய்.

“முடியலைன்னா சரியில்லாம நடக்கட்டும். ஒரு வருசம் சரியில்லாம நடந்தா ஊரு ஒண்ணும் முழுகிராது.”

பாய் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மா சொன்னதில் எனக்குப் பெரிய சந்தோஷம். சீட்டுக் குலுக்கியதில் முதல் சுற்றில் அவருக்கு எதிராக நானே வந்தபோது சந்தோஷம் இரட்டிப்பானது. தோற்பது நமக்குப் பழக்கம்தானே. ஒருமுறையாவது நல்ல காரியத்துக்குத் தோற்கலாம் என்று பஸ் ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினொன்று பத்து, மூன்றாம் மேசை. எங்களுக்கு நடுவர் காஜா முகைதீன், பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆட்டம் ரொம்ப எளிது. ஒன்று முதல் ஒன்பது வரை எண் போட்ட பந்துகள். ஸ்டிக்கால் அடிக்கிற வெள்ளைப் பந்து, மேசையில் இருப்பதில் சின்ன எண்ணைத்தான் முதலில் தொட வேண்டும். பந்து குழியில் விழுகிற வரை ஒருவரே தொடர்ந்து அடிக்கலாம், தவறினால் எதிராளி முறை. ஒன்பதாம் பந்தைக் குழியில் போடுகிறவருக்கு அந்த ஆட்டம். முதலில் ஐந்து ஆட்டம் எடுப்பவர் ஜெயித்தவர். ஒவ்வொரு அடிக்கும் முப்பது விநாடி. பத்து விநாடி மிச்சம் இருக்கும்போது நடுவர் குரல் கொடுப்பார். ஏதாவது இடைஞ்சல் என்றால் கையைத் தூக்கினால் கடிகாரத்தை நிறுத்துவார்கள். தூக்காமல் நேரம் போனால் வெள்ளைப் பந்து எதிராளி கைக்குப் போகும், அவர் விரும்பிய இடத்தில் வைத்து அடிக்கலாம். பார்க்கிறவர்கள் கொட்டாவி விடக் கூடாது என்று இந்த விதியைக் கொண்டுவந்ததே பாய்தான்.

மூன்று ஆட்டத்தை அடுத்தடுத்து எடுத்தார். ஸ்டிக்கைப் பிடித்ததும் அந்த நடுக்கம் எங்கே போனதென்றே தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பத்தைந்து வயது மனிதர் மேசையைச் சுற்றி நடக்கிற நடையே மாறிப்போயிருந்தது. பலகைப் படியில் கைதட்டல் கேட்டது.

நான்காவது ஆட்டத்தில் அவர் காது திறந்துகொண்டது. “நாலாம் மேசை மேல ஏசி சொட்டுதுவே” என்றார் என்னிடம். திரும்பிப் பார்த்தேன், ஹெப்ரான் அதற்குள் வாளியோடு போய் ஆட்டத்தை நிறுத்தித் துணியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாய் அடித்த பந்து தவறியது. பிறகு, “அஞ்சாம் மேசைக்குத் தண்ணி வைக்கலை.” வைத்தாகிவிட்டது. “அந்தா, மேல் படியில ஒருத்தன் போன்ல பேசுதான்.” ஹெப்ரான் அவன் தோளைத் தட்டி வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் பாய் ஒரு பந்தை விட்டார். ஒவ்வொரு முறையும் நான், விருப்பமே இல்லாமல், ஓர் ஆட்டத்தை எடுத்தேன்.

“பாய், ஒங்க மேசை இதுதான். இதப் பாருங்க” என்று கோபமாகவே சொன்னேன்.

“பாக்கத்தானவே செய்யுதேன்” என்றார். கண் ஆறாம் மேசையில் இருந்தது.

அதற்கடுத்த ஆட்டம் அவருக்கு, அதற்கும் அடுத்தது எனக்கு. நாலுக்கு நாலு. கடைசி ஆட்டம். அதில் அவர் மறுபடியும் பழைய ஆளாகிவிட்டார். ஒன்றிலிருந்து எட்டு வரை வரிசையாகப் போட்டார். மிச்சம் ஒன்பது மட்டும். அதுவும் மூலைக் குழியின் வாயில் நிற்கிறது, வெள்ளை அதற்கு நேர் பின்னால். பச்சைப் பிள்ளைகூட போட்டுவிடும். எழுந்து கைகொடுக்கத் தயாரானேன்.

அப்போதுதான் இரண்டாம் மேசையில் சத்தம் கிளம்பியது. கொச்சிக்காரருக்கும் ஒரு சென்னைக்காரருக்கும் தகராறு. சட்டை பந்தில் பட்டது, படவில்லை என்று. படியில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். பதினேழு வருடத்தில் இப்படி ஒரு தகராறை யஹ்யா பாய் தவிர வேறு யாரும் தீர்த்ததில்லை.

ஹெப்ரான் தன் இடத்திலிருந்து எழுந்து எங்களை நோக்கி வந்தார். அவ்வளவுதான், பாயைக் கூப்பிட வருகிறார் என்று நினைத்தேன். பாயும் அப்படித்தான் நினைத்தார். ஸ்டிக்கை மேசையில் சாய்த்தார். துண்டால் கையைத் துடைத்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

ஹெப்ரான் எங்களைத் தாண்டிப் போனார்.

“பத்து” என்றார் காஜா முகைதீன். பிறகு மெதுவாக, “பாய், கையத் தூக்குங்க, நிறுத்துதேன்” என்றார்.

பாய்க்கு அது காதில் விழவே இல்லை. அவர் ஹெப்ரானின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹெப்ரான் படியில் இருந்தவர்களைப் பார்த்து உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். உட்கார்ந்தார்கள். இரண்டு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டார். மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து ஏதோ சொன்னார். கொச்சிக்காரர் தலையாட்டினார். சென்னைக்காரர் சிரித்துவிட்டு ஸ்டிக் முனையில் சாக்பீஸ் தேய்க்க ஆரம்பித்தார். ஷெட் அமைதியாகிவிட்டது.

முப்பது விநாடி எப்போதோ கடந்திருந்தது. அதற்கு மேல் தாக்காட்ட முடியாமல், “டைம்” என்றார் காஜா முகைதீன்.

“அவரு ஆடட்டும் சார்” என்று நான் குதித்தேன்.

“சட்டம் அவரு எழுதுனதுல்லா” என்றார் அவர், முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு.

பாய் என்னைப் பார்த்தார். “வெள்ளையை எடுத்து வையும் லிங்கம். ஆட்டத்தை நிறுத்தாதீரும்.”

வைத்தேன். அடித்தேன். ஒன்பது விழுந்தது. வேண்டுமென்றே விட்டிருக்கலாமே என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மனிதர் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் மேசையில் பொய்யாட்டம் ஆட எனக்குத் துணிச்சல் இல்லை.

வெளியே வேப்ப மர நிழலில் போய் நின்றோம்.  உள்ளே பந்து மோதுகிற சத்தமும் கைதட்டலும் அதது அதன் நேரத்தில் கேட்டன.

“என்னையக் கூப்பிடத்தான் வாரான்னு நினைச்சேன்” என்றார் பாய்.

“நானும் அப்பிடித்தான் நினைச்சேன் பாய்.”

“நல்லாத்தான்வே தீத்து வச்சான். நான் போயிருந்தா இன்னும் பத்து நிமிசம் ஆயிருக்கும்.” உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்தார். “ஷார்ஜாவுல ஆட விடலை. அங்கன சட்டம் இருந்துச்சு. இங்கன என்னைய யாருவே புடிச்சு வச்சிருந்தா?”

“நாங்கதான் பாய். நாங்கதான் சொல்லிச் சொல்லி...” என்று பழியை வாங்கிக்கொள்ளப் பார்த்தேன்.

“நீங்க வாயாலதான சொன்னீய” என்றார். “பேரை வெட்டுனது நான்ல்லா.”

எனக்கு அவர் மேல் கோபம், எங்கள் எல்லார் மேலும் கோபம். பதினேழு வருடம் அந்த மனிதர் வெளியே போகலாம் என்று தெரியாமலே பூட்டாத ஜெயிலுக்குள் நின்றிருக்கிறார். நாங்களும் வருடா வருடம் போய்ப் பார்த்து, இது நல்ல இடம் பாய் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறோம்.

உள்ளே போனோம். ஹெப்ரான் எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். டீ வரவழைத்துக் கொடுத்தார். அவ்வளவு பேச்சை அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

“நீங்க உக்காருங்க பாய். எப்பிடி ஆடுனீய! ஊரே அசந்து போச்சு. இனிமே இந்த வேலையெல்லாம் நான் பாத்துக்கிடுதேன். அடுத்த வருசம், அதுக்கு அடுத்த வருசம், ஒண்ணுக்கும் நீங்க எந்திரிக்க வேண்டாம். நிம்மதியா ஆடுங்க.”

அந்த ஹெப்ரானை ஓங்கி ஒன்று வைக்கலாமா என்று எனக்கு வந்தது. பாவம், அந்தக் கை அடுத்த வருடம் என்ன ஆகும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

யஹ்யா பாய் டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “ஆடிருவோம்வே” என்றார்.