புதன்கிழமையில் ஒரு வெள்ளிக்கிழமை

எண்பதுகளின் கடைசியில் எனக்குக் கிடைத்த வேலையை எங்கள் தமிழ் ஆட்களுக்கு விளங்கப்படுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். வட லண்டனில் ஒரு சின்ன அமைப்பு. யூத வாழ்க்கையைப் பற்றிக் குறும்படம் எடுக்க விரும்பும் இளம் ஆட்களுக்குக் கமரா, விளக்கு, எடிட்டிங் அறை எல்லாம் கொடுத்து உதவுவார்கள். அதன் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்வது நான். "சைவக்காரி குடுக்கிற கமராவிலதானோ யூதச் சனம் படம் எடுக்குது?" என்று என் கணவர் வெம்பிளி முழுக்கச் சொல்லிச் சிரித்துக்கொண்டு திரிந்தார். சிரிக்கட்டும். பகல் வேலை, பக்கத்திலேயே பஸ், என் தலைக்கு மேல் நின்று கத்த யாரும் இல்லை. கத்துவதென்றால் நான்தான் கத்துவேன். வயரை ஒழுங்காகச் சுற்றி வைக்கத் தெரியாத பிள்ளைகள் உலகத்தை மாற்றப் படம் எடுக்க வந்தால் கோபம் வராதா?

வந்தவர்களில் ஒருத்தி தன் தாயைப் பற்றிப் படம் எடுக்க விரும்பினாள். வெள்ளிக்கிழமை பொழுதுபட யூதர்களுக்கு ஓய்வுநாள் தொடங்கிவிடும். அதற்குச் சற்று முன்பு வீட்டுப் பெண் மெழுகுதிரி ஏற்றி, கண்களைக் கைகளால் பொத்திக்கொண்டு பிரார்த்தனை சொல்லுவார். அதன் பிறகு மறுநாள் இருட்டும்வரை வேலை என்ற பேச்சே இல்லை. சுவிட்சைக்கூடத் தொடமாட்டார்கள், கமராவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆகவே அவள் ஒரு புதன்கிழமையை வெள்ளிக்கிழமையாக்கத் திட்டம் போட்டாள். விளக்குப் பிடிக்க ஆள் இல்லையென்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

ஃபின்ச்லியில் வீடு. தகப்பன் இறந்துவிட்டார், தாய் தனியே இருந்தார். மேசையில் வெள்ளை விரிப்பு, பின்னல் போட்ட ரொட்டி, வெள்ளி மெழுகுதிரித் தண்டுகள், எல்லாம் அசல் வெள்ளிக்கிழமை போலவே. கமரா ஓடியது. தாய் திரியை ஏற்றினார், கண்ணைப் பொத்தினார். பிரார்த்தனை மட்டும் வரவில்லை.

"அம்மா, சொல்லுங்கோவன்."

"சொல்லமாட்டன். இண்டைக்குப் புதன்கிழமை."

அவர்கள் பேசியது ஆங்கிலம்தான். என் மனதில் எங்கள் தமிழாகவே பதிந்துகிடக்கிறது.

"படத்துக்குத்தானே? சும்மா ஒருக்காச் சொன்னால் என்ன?"

"சும்மா சொல்லுறதுக்கில்லை ஆண்டவன்ர பேர்."

மகள் கோபித்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டாள். எனக்குத் தாயின் பக்கம்தான் நியாயமாகப் பட்டது. ஆர்ச்வே முருகன் கோயிலில், படம் பிடிக்கவேண்டும், இன்னொரு தடவை தீபம் காட்டுங்கோ என்று ஐயரிடம் கேட்டால் என்ன பேச்சு வாங்கவேண்டிவரும் என்று எனக்குத் தெரியாதா?

குசினியில் தேத்தண்ணி ஊற்றியபடி தாய் என்னிடம் சொன்னார். "இவர் போன பிறகு வெள்ளிக்கிழமையில நான் தனியத்தான் சாப்பிடுறன். வா எண்டு கூப்பிட்டால் வேலை எண்டுவாள், கூட்டம் எண்டுவாள். வெள்ளிக்கிழமையைப் பற்றிப் படம் எடுக்கப்போறன் எண்டு சொன்னவுடன எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமோ? கடைசியில பாருங்கோ, புதன்கிழமை வந்து நிக்கிறாள்."

எனக்கு நெஞ்சு கரைந்துவிட்டது. மகள் உள்ளே வந்ததும் தாயே வழி சொன்னார். "வெள்ளிக்கிழமை வா. நெருப்புக்குச்சி தட்டும்வரைக்கும் என்னவும் எடு. அதுக்குப் பிறகு கமராப் பெட்டியை மூடவேணும்."

"திரி ஏத்துறது இல்லாட்டி என்ர படமே இல்லை, அம்மா." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்கள் யூதர் இல்லைத்தானே? நீங்கள் கமராவைப் போடுங்கோவன்."

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. தாய் இல்லையென்று தலையை ஆட்டினார். "எங்களுக்காக வேற ஆளை வேலை செய்யச் சொல்லவும் ஏலாது." என் சைவம் அந்த வீட்டில் ஒன்றுக்கும் உதவாமல் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை அவள் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டுதான் வந்தாள். விளக்குப் பிடிக்க நானும் போனேன். மாரிகாலம், பின்னேரம் நாலு மணிக்கு முன்பே வெளிச்சம் போய்விடும். தாய் விரிப்பை நீவினார், தண்டுகளைத் துடைத்தார். மணிக்கூட்டைப் பார்த்தார், யன்னலைப் பார்த்தார், இடைக்கிடை மகளையும் பார்த்தார். எல்லாம் படமாகியது. நெருப்புப்பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, "இப்ப மூடு, பிள்ளை" என்றார். மகளின் விரல் பட்டனிலேயே நின்றது. விட்டுவிடு, விட்டுவிடு என்று நான் மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அவள் கமராவை நிறுத்தினாள்.

திரி எரிந்தது. புதன்கிழமை வராத குரல் அன்றைக்குத் தானாக வந்தது, மெல்லியதாக, அவசரமில்லாமல். மகள் யாரும் சொல்லாமலே போய்த் தாயின் அருகில் நின்று கண்களைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கமராப் பெட்டியை வாசலுக்குக் கொண்டுவந்து, தூக்க ஒரு கை கொடுப்பாள் என்று பார்த்தேன். உள்ளே சாப்பாட்டு மேசைக்குக் கதிரை இழுபடும் சத்தம்தான் கேட்டது. திட்டிக்கொண்டே தனியாக மினிகாப் டாக்சி வரைக்கும் இழுத்தேன், ஆனால் வீடு போய்ச் சேரும்வரை சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சந்தோஷம் அவ்வளவுதான். அடுத்த வெள்ளியிலிருந்து அவள் எடிட்டிங் அறைக்குள் புகுந்துவிட்டாள். தாயின் கைகளைத் திரையில் மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள், தாயைப் பார்க்கப் போகவில்லை. "இண்டைக்கு வெள்ளியல்லோ, போகேல்லையே?" என்று கேட்டால், "படம் முடியட்டும்" என்பாள். திரி ஏற்றாமல் என்ன படம் என்று எங்கள் அமைப்பில் சிலர் முணுமுணுத்தார்கள். அவர்களோடு அவளுக்காகச் சண்டை பிடித்ததும் நான்தான். அவளோடு சண்டை பிடித்ததும் நான்தான்.

வசந்தத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் படத்தைக் காட்டினோம். "இப்ப மூடு, பிள்ளை" என்ற குரலோடு திரை இருண்டது. நல்ல கைதட்டல். பிறகு கேள்வி நேரம். ஒருவர் அந்த இருட்டின் அர்த்தத்தைக் கேட்டார். இன்னொருவர் பெண்களின் மௌன எதிர்ப்பைப் பற்றி நீளமாகப் பேசிவிட்டுக் கேள்வி கேட்க மறந்துபோய் உட்கார்ந்தார். மேடையில் அவள் எல்லாவற்றுக்கும் கெட்டித்தனமாகப் பதில் சொன்னாள்.

எனக்குப் பக்கத்தில் இருந்த தாய் கையை உயர்த்தினார். மைக் வரும்வரை பொறுமையாக இருந்து, எழுந்து நின்றார்.

"வாற வெள்ளிக்கு எத்தினை பேருக்கு சூப் வைக்கிறது?"

மண்டபமே சிரித்தது. மகள் சிரிக்கவில்லை. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டு பேருக்கு, அம்மா."

"அப்ப பொழுதுபட முந்தி வா" என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார்.