எங்கள் வீட்டின் வயதைச் சொன்னவள்

நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் சிரித்துவிட்டுப் போங்கள். எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள் நான். லாரிக்குப் பயம், ஜுரத்துக்குப் பயம், போன் அடித்தால் பயம். ஆனால் இந்தப் பேய், காத்து, கருப்பு சமாச்சாரம் மட்டும் என்னிடம் எடுபட்டதே இல்லை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான், அதற்காகக் கண்டதையும் நம்புகிற ஆள் இல்லை.

புத்தலப்பட்டில் ஒரு பழைய மெத்தை வீட்டை வாங்கினோம். திருப்பதியில் வாழ்க்கைப்பட்ட என் மகள் ரேவதி தலைப்பிரசவத்துக்கு அங்கேதான் வர வேண்டும். அவளைப் படுக்க வைக்கலாம் என்றிருந்த அறையில் தளத்துக்குக் குறுக்கே ஒரு விரிசல். அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் அது பச்சைக் குழந்தை மேல் விழுகிற மாதிரியே இருக்கும். மேஸ்திரியைக் கூப்பிட்டேன். அவர் சுவரை அங்கங்கே சுரண்டிப் பார்த்தார்.

"எப்பக்கா கட்டனது இது?"

"தெரியலியே தம்பி."

"ஆளாளுக்கு ஒட்டுப் போட்டு வெச்சிருக்காங்க. சுண்ணாம்பு காலத்து வூடுன்னா தாங்கும், பூசிட்டா போதும். அப்பால அவசரமா கட்டனதுன்னா தளத்த இறக்கிடணும்."

வீட்டை விற்றவர்களுக்குப் போன் போட்டால் "தெலீதம்மா", தெரியாது என்று தெலுங்கில் சொல்லி வைத்துவிட்டார்கள். ஊரில் ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசியில் மேஸ்திரியே வழி சொன்னார். வாசக்கால் நிறுத்தும்போது அடியில் நவதானியத்தோடு அந்தக் காலத்துக் காசு ஒன்றும் போடுவார்கள் இல்லையா, கரையான் அரித்த வாசக்காலை எப்படியும் மாற்றத்தான் வேண்டும், எடுத்தால் தெரிந்துவிடும் என்றார். மறுநாள் எடுப்பதாகப் பேச்சு.

அன்று மத்தியானம், நல்ல வெயில். வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். இருபது வயது இருக்கும், நிறை வயிறு. மேஸ்திரியின் மனைவி போல என்று நினைத்து மோர் கொடுத்தேன். உள்ளே வந்து உட்காரச் சொன்னால் வரவில்லை, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே குடித்தாள்.

"வாசக்கால பாத்து எடுக்கச் சொல்லு பொண்ணே. அடியில ஒரு கருவளை கீது."

ஐம்பதைத் தாண்டிய என்னைப் பொண்ணே என்கிறாளே என்று சிரிப்பு வந்தது. "நீ இன்னா, பாத்தியா?"

"நாந்தான் போட்டேன். மாசமா கீற வூட்ல வாசக்கா வெக்கக் கூடாதும்பாங்கல்ல? வேல நின்னுடுமேன்னு யாருகிட்டயும் சொல்லாம மறைச்சிக்கினேன். புள்ளைக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுன்னு வேண்டிக்கினு வளையலப் போட்டேன்." பிறகு என் முகத்தையே பார்த்தாள். "நீ எதுக்குப் பயந்துக்கினே கீற? சுண்ணாம்பு அரைக்க நானுந்தான் நின்னேன். வூடு நிக்கும். உம்பொண்ண இட்டாந்துக்க."

தம்ளரை உள்ளே வைத்துவிட்டு வந்தால் ஆளைக் காணோம். மகளைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

மறுநாள் மேஸ்திரியிடம், "நேத்து உம்பொண்டாட்டி வந்துச்சே, நல்ல பொண்ணு" என்றேன்.

"எனக்கேதுக்கா பொண்டாட்டி? எங்கனா பாத்து வெச்சிருந்தா சொல்லு, இன்னிக்கே கட்டிக்கறேன்!"

சிரித்துக்கொண்டே கடப்பாரையால் நெம்பினார். அடியில் மாவாய்ப் போன தானியம், நடுவில் ஓட்டை போட்ட காசு ஒன்று. "வெள்ளைக்காரன் காலத்து வூடுக்கா" என்று அதைத் துடைத்தார். நான் காசைப் பார்க்கவில்லை. பக்கத்திலேயே, கைக்குழந்தை போடுகிற கண்ணாடிக் கருவளை. கீறல்கூட இல்லை.

தளத்தைப் பூசினோம். எடுத்ததையெல்லாம் புது வாசக்காலுக்கு அடியிலேயே போடச் சொன்னேன். ரேவதி வந்தாள், சுகப்பிரசவம், பேத்தி அந்த அறையில்தான் தூங்குகிறாள். விரிசலைப் பற்றி இப்போது கவலையே இல்லை.

வேறு ஒரு கவலை இருக்கிறது. எத்தனையோ கேட்டிருக்கலாம், உன் பிள்ளை நல்லபடியாகப் பிறந்ததா என்று கேட்கத் தோன்றவில்லையே எனக்கு. வாசக்கால் வைத்த அன்று மறைக்க முடிகிற அளவு வயிறு அவளுக்கு. என் வாசலில் வந்து நின்றபோது நிறைமாதம். இத்தனை காலம் கழித்தும் நிறைமாதம்.