ஏழாம் வீட்டுக்கு வந்த கடைசி அத்தியாயம்

செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டு மணி நாற்பது நிமிடம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், பழுதான லைன்களைச் சோதிக்கும் மேஜையில் இருந்தேன். மணி அடித்தது, எடுத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து சுமதியின் தங்கை. "மாமா, வந்துடுங்க" என்றாள். லைனில் லேசான இரைச்சல் இருந்தது. கேபிளில் எங்கே ஈரம் இறங்கியிருக்கும் என்று யோசித்தபடி ரிசீவரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை. வந்த அழைப்பின் நேரத்தைச் சீட்டில் குறித்திருக்கிறேன். கையெழுத்து என்னுடையதுதான்.

என் மனைவி சுமதியை உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஸ்ரீரங்கத்தில் நம் தெருவின் ஏழு வீடுகள் சேர்ந்து ஒரே ஒரு வாரப் பத்திரிகை வாங்குகிறோம். வீட்டுக்கு ஒரு நாள். எங்கள் வீடு ஏழாவது. அடுத்த வீட்டுக்குக் கதையைச் சொல்லக் கூடாது என்பது விதி. எங்களிடம் வரும்போது பத்திரிகையில் காபிக் கறை, மஞ்சள் விரல் தடம், ஏதோ ஒரு குழந்தை வரைந்த மீசை எல்லாம் இருக்கும். கடைசியாகப் படிப்பதற்கு ஈடாக, தொடர்கதைப் பக்கங்களைக் கழற்றித் தைத்து வைத்துக்கொள்ளும் உரிமை ஏழாம் வீட்டுக்கு உண்டு. அப்படித் தைத்த இந்தத் தொகுப்பின் முகப்பில் இந்தத் தாள்களைச் சேர்க்கிறேன். படிக்கப் போகிறவர்கள் நீங்கள்தான்.

கதை உங்களுக்கு நினைவிருக்கும். மலை உச்சிக் கோட்டையில் ஒரு ரத்தக்காட்டேரி. வெயில் ஆகாது, பூண்டு ஆகாது, யாராவது அழைக்காமல் எந்த வாசலையும் தாண்ட முடியாது. அவனைக் காதலிக்கும் ஒரு சூனியக்காரி. ஆறாம் வீட்டுக் கோமளா மாமி பத்திரிகையைக் கொண்டுவந்து கொடுக்கும்போது ஒருநாள் சொன்னார்: "பூண்டு வாசனையே ஆகாதாம்டீ. நம்மாத்துக்குத் தோதான மாப்பிள்ளை." சுமதி விடவில்லை. "ஜாதகத்துல பிறந்த தேதி இருக்கும் மாமி, இறந்த தேதியும் இருக்குமே, பரவாயில்லையா?" என்று கேட்டாள். மாமி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் டிப்ளமா படித்தவன். காட்டேரி பகலெல்லாம் தூங்கினால் கோட்டையை யார் பெருக்குவது என்று கேட்பேன். "நீங்க சர்க்யூட்டைப் பாருங்க, நான் கதையைப் பாக்கறேன்" என்பாள். வேலையின் பொருட்டு எங்கள் வீட்டில் டெலிபோன் இருந்தது. அவள் படிக்கும் நேரத்தில் அது அடித்தால் பக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்வாள்: "எடுக்காதீங்க. எடுத்தா அவன் உள்ள வந்துடுவான்." நான் சிரித்துக்கொண்டே எடுப்பேன்.

சூனியக்காரியின் கையில் அவன் தொட்ட இடமெல்லாம் நீலம் பாரித்த அத்தியாயம் வந்த வாரத்தில்தான் சுமதி தன் கையைக் காட்டினாள். முழங்கைக்குக் கீழே மூன்று நீலத் திட்டுகள். எங்கேயும் இடித்துக்கொள்ளவில்லை என்றாள். டாக்டர், எலும்புக்குள் ரத்தம் ஊறுவது நின்றுபோய்விட்டது என்றார். கதையில் அவள் வெளுத்துக்கொண்டே வந்தாள். கட்டிலில் இவளும் வெளுத்துக்கொண்டே வந்தாள். ஞாயிறுதோறும் ஆஸ்பத்திரிக்குப் பத்திரிகையோடு பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது, பை மடியில் கனத்தது. ஒரு பழுதுக்கும் இன்னொன்றுக்கும் இடையே கம்பி இல்லையென்றால் தொடர்பும் இல்லை. எனக்குச் சொல்லிக்கொடுத்திருப்பது அதுதான். ஆனாலும் அவள் படித்து முடிக்கும்வரை அவள் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

எக்ஸ்சேஞ்சில் என்னோடு வேலை பார்க்கிறவர்கள் வரிசையாக வந்து ரத்தம் கொடுத்தார்கள். தலைக்கு மேலே தொங்கிய பாட்டிலைப் பார்த்து அவள் சொன்னாள்: "இப்ப நான்தாங்க காட்டேரி. உங்க ஆபீஸ்ல பாதிப் பேரைக் குடிச்சாச்சு." யாரும் சிரிக்காததால் அவளே சிரித்தாள். ஈறில் ரத்தம் தெரிந்தது.

கடைசி அத்தியாயம் வந்த ஞாயிற்றுக்கிழமை, கோமளா மாமி பத்திரிகையை உடனே தரவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு, "நீங்கோ மொதல்ல படிச்சுட்டுக் குடுங்கோ" என்றார். பஸ் பாலத்தில் போகும்போது படித்தேன். சூனியக்காரி தன் ரத்தம் முழுவதையும் அவனுக்குக் கொடுத்துவிடுகிறாள். அவன் மனிதனாகிறான். விடிகிறது. வெயில் அவனைச் சுடவில்லை. பக்கத்தில் அவள் குளிர்ந்து கிடக்கிறாள். அவ்வளவுதான் கதை. பஸ் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேருவதற்குள் அந்த நான்கு பக்கங்களையும் கிழித்து என் டூல் பைக்குள் போட்டேன்.

பக்கங்கள் கிழிந்து வந்திருப்பதாகச் சுமதியிடம் சொன்னேன். முடிவை மாமி சொன்னார் என்றேன். நம் ஏழு வீட்டு விதியை மாமிமேல் பழி போட்டு நானே உடைத்தேன். விடிகிறது, இருவரும் பிழைக்கிறார்கள், மலையை விட்டு இறங்கிக் கடை வைக்கிறார்கள் என்றேன்.

"என்ன கடை?"

"ரேடியோ ரிப்பேர்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "மாமி இதெல்லாம் சொன்னாங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். "சரி. அதை அப்படியே எழுதிக் குடுங்க. கடைசியா வெச்சுத் தைக்கணும்."

திங்கட்கிழமை எழுதிக்கொண்டு போனேன். வாசிக்கச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்டாள். காட்டேரிக்கு ஈயம் பற்றவைக்க யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டாள். நல்ல கேள்வி என்று சொல்லி, அதற்கும் ஒரு வரி சேர்த்தேன். ஊசி நூல் கேட்டாள். நர்ஸ் விடவில்லை. விரலில் குத்தினால் ரத்தம் நிற்காது. அதனால் அவள் சொல்லச் சொல்ல நான் தைத்தேன். தையல் கோணல். நீங்களே பார்ப்பீர்கள். செவ்வாய் காலை, "இன்னிக்கு வேலைக்குப் போங்க. கதைதான் முடிஞ்சிடுச்சே" என்றாள். நான் போனேன்.

பத்தாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு கோமளா மாமி மட்டும் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் கடைசி வாரம், தன் முறையான சனிக்கிழமையே அவர் கதையைப் படித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு அவளைப் பார்க்கப் போயிருக்கிறார். "என் மொகத்தைப் பாத்தே கண்டுபிடிச்சுட்டா. 'அவ போயிடறாளா மாமி'ன்னு கேட்டா. எனக்குப் பொய் வரலை" என்றார். சுமதி பிறகு சொன்னதையும் சொன்னார்: "'அவர்கிட்ட சொல்லிடாதீங்க மாமி. அவர் என்ன முடிவு சொல்றார்னு நான் கேக்கணும்'னா."

என் பொய்யை அவள் நம்பிக்கொண்டு போனாள் என்றுதான் பத்து நாள் நினைத்திருந்தேன். இப்போது அதுவும் இல்லை. உட்கார்ந்து, கேட்டு, திருத்தி, தைக்க வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

தொகுப்பு முதல் வீட்டிலிருந்து சுற்றட்டும். கடைசியில் என் கையெழுத்தில் இருப்பதுதான் முடிவு, அவள் ஒப்புக்கொண்டது. உண்மை முடிவைப் படித்த ஆறு வீட்டுக்காரர்களும் யாரிடமும் சொல்ல வேண்டாம். விதி விதிதான். கிழித்த நான்கு பக்கங்கள் என்னிடம் இருக்கும். டூல் பையைத் திறக்கும்போதெல்லாம் கையில் படுகின்றன. அவற்றின் ஓரத்தில் மாமியின் மஞ்சள் விரல் பதிந்திருக்கிறது. சுமதியின் விரல் படாத பக்கங்கள் இந்தக் கதையில் அவை மட்டும்தான்.

ஆறுதல் சொல்லப் பலர் டெலிபோனில் கூப்பிடுகிறீர்கள். மன்னித்துக்கொள்ளுங்கள். அது அடிக்கும்போது வாசலில் யாரோ நிற்பதுபோல் இருக்கிறது. அழைக்காமல் அவனால் உள்ளே வர முடியாது. அன்றைக்கு இரண்டு நாற்பதுக்கு நான்தான் எடுத்தேன். இன்று காலை, சுவர்ப் பெட்டியைத் திறந்து, திருகைத் தளர்த்தி, வீட்டு டெலிபோனின் இரண்டு வயர்களையும் கழற்றிவிட்டேன்.