சூடு பாக்குற மேடம்

அவனியாபுரத்தில் ஒரு லேத் பட்டறையின் ஆபீஸ் ரூமில், மேசைக்கு அடியில் குனிந்து கம்ப்யூட்டருக்கு கேபிள் மாட்டிக்கொண்டிருந்தேன். செல்போன் அடித்தது. தவமணி அண்ணன்தான். "பாண்டி, ராதா போயிட்டாய்யா" என்றார். நான் வெளியே வந்து பட்டறை முதலாளியிடம் சொன்னேன். அவர், "யாரு, ஒங்க கடை மேடமா? சூடு பாக்குற மேடமா?" என்று கேட்டுவிட்டு, ஓடிக்கொண்டிருந்த மெஷின்களை நிறுத்தச் சொன்னார். அவர் ராதாபாய் அக்காவை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அக்காவின் வில்லாபுரம் வீட்டுக்கு அன்று வந்த பாதிப் பேர் அப்படித்தான். குரலை மட்டுமே தெரிந்தவர்கள், முகத்தைப் பார்க்க அன்றைக்குத்தான் வந்தார்கள்.

எங்கள் கடை டவுன்ஹால் ரோட்டில் ஒரு மாடியில் இருந்தது. பாகங்களை வாங்கிக் கம்ப்யூட்டர் பூட்டி விற்போம், பழுது பார்ப்போம். நான் மொபெட்டில் ஊர் ஊராகப் போகிற ஆள். அக்கா கடையில் உட்கார்ந்து போனில் பதில் சொல்கிறவர். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவர். சௌராஷ்டிரக் குடும்பம், அப்பாவுக்கு விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை. இந்த வேலைக்கு அவரை எடுத்ததற்கு எங்கள் முதலாளி சொன்ன காரணம், "அந்தப் பிள்ளை சிரிச்சா கஸ்டமர் திட்ட மறந்துர்றான்" என்பதுதான். அது உண்மை. ஆனால் அவர் சிரித்து மழுப்புகிறவர் இல்லை. கம்ப்யூட்டரின் உள்ளே என்ன நடக்கிறது என்று, கண்ணால் பார்க்காமலே, போனின் எதிர்முனையில் இருப்பவரின் கண்ணைக் கொண்டு கண்டுபிடித்துவிடுவார்.

அந்த நாட்களில் மதர்போர்டோடு ஒரு சி.டி. கொடுப்பார்கள். அதில் ஒரு சாப்ட்வேர் இருக்கும். பெயர் ஹார்ட்வேர் மானிட்டர். பிராசசர் எவ்வளவு சூடாகிறது, பேன் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று காட்டும். சூடு அதிகமானால் பீப் பீப் என்று கத்தும். மதுரை வெயிலில் அது கத்தாத நாளே கிடையாது. இதில் பெயர்க் குழப்பம் வேறு. எதிரில் இருக்கிற திரையும் மானிட்டர், இந்த சாப்ட்வேரும் மானிட்டர். "மேடம், மானிட்டர்ல மானிட்டர் தெரியல" என்று போன் வரும். அக்கா பதறாமல் கேட்பார்: "சூடு பாக்குற மானிட்டராண்ணே, மொகம் காட்டுற மானிட்டரா?" சுற்று வட்டாரம் முழுக்க அந்தப் பேச்சு பரவிவிட்டது. அவருக்குப் பட்டப்பெயர் வந்ததும் அப்படித்தான்.

எழுமலையில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த தவமணி அண்ணன் முதன்முதலாகப் போன் செய்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் அன்று கடையில்தான் இருந்தேன். ரிசீவரை அக்கா காதிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தார். அத்தனை சத்தம்.

"மேடம், நூத்தி இருபத்தேழு டிகிரி காட்டுது! வெடிச்சிருமா? நான் எல்லாரையும் வெளிய அனுப்பிட்டேன். எதுத்த டீக்கடையில நின்னு பேசுறேன்!"

"அண்ணே, கம்ப்யூட்டர் பெட்டி மேல காபி டம்ளர் வச்சிருக்கீங்களா?"

"ஆமா. ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"எல்லாரும் வைக்கிறதுதான். போயி அதைத் தொட்டுப் பாத்துட்டு வாங்க."

மனிதர் போய்விட்டு வந்தார். குரல் இறங்கியிருந்தது. "ஆறிப் போச்சுங்க."

"நூத்தி இருபத்தேழுனா அந்தக் காபி இந்நேரம் கொதிச்சு ஆவியாயிருக்கணும்ணே. அந்த போர்டுல சூடு பாக்குற கருவிக்கு ஒரு எடம் விட்டிருக்காங்க, கருவியை வைக்கல. இல்லாத கருவிக்கிட்ட போயி சூடு எம்புட்டுனு கேட்டா அது வாய்க்கு வந்ததைச் சொல்லும். அந்த ஒரு வரியை மட்டும் டிக் எடுத்து விட்டுருங்க. உள்ள போயி உக்காருங்க."

எதிர்ப்பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. டீக்கடையில் நின்றவர்களும் சேர்ந்து சிரித்திருக்க வேண்டும். அதன்பிறகு எழுமலையிலிருந்து அடிக்கடி போன் வந்தது. பேன் சத்தம் போடுகிறது, பேன் சத்தமே போடவில்லை, நாற்பத்தெட்டு காட்டுகிறது, இது நல்லதா கெட்டதா. தவமணி அண்ணனின் கம்ப்யூட்டர்களைப் போல நலம் விசாரிக்கப்பட்ட கம்ப்யூட்டர்கள் அந்தப் பக்கத்திலேயே கிடையாது.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த ஒரு நாள். சென்டருக்குள் கூட்டம் நெரியாமல் இருப்பதற்காக, தவமணி அண்ணன் ஒரு கம்ப்யூட்டரில் இரண்டாவதாக ஒரு மானிட்டரைப் பூட்டி, அதைத் தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார். உள்ளே நம்பரைத் தட்டினால் வெளியே நிற்கிறவர்களுக்கு மார்க் தெரிய வேண்டும். ஆனால் வெளித்திரையில் வெறும் நீல நிறம்தான் தெரிந்தது. பிள்ளைகள் அழ ஆரம்பித்துவிட்டார்கள், பெற்றவர்கள் கதவைத் தட்டுகிறார்கள். போனில் அவர் குரலைவிடக் கூட்டத்தின் குரல்தான் எங்களுக்குக் கேட்டது.

அக்கா நிதானமாகக் கேட்டார். "எலிக்குட்டி அம்பு எங்க இருக்கு? அதை வலது பக்கமா இழுத்துக்கிட்டே போங்க. திரை ஓரத்தைத் தாண்டி வெளியே போகுதா? போகுதுல்ல, அப்ப வெளிய இருக்கிற மானிட்டர் செத்துப் போகல. ரெண்டையும் ஒரே நீளமான திரைனு நெனச்சுக்கிட்டு இருக்கு. அந்த ரிசல்ட்டு ஜன்னலையே புடிச்சு அப்பிடியே வெளிய இழுத்து விட்டுருங்க."

அவர் இழுத்தார். அடுத்த நொடி போனில் ஒரு பெரிய ஆரவாரம். யாரோ ஒரு பெண் நல்ல மார்க் வாங்கியிருந்தாள் போல. அக்கா எழுந்தே நின்றுவிட்டார். "ஏங்க, போனை அப்பிடியே வெளிய நீட்டுங்க, நாங்களும் கேக்கணும்" என்றார். ஊரே கத்துவதை நாங்கள் எல்லோரும் அந்த ரிசீவரைச் சுற்றி நின்று கேட்டோம். எனக்கு மட்டும் வேறொன்றும் கேட்டது. ஆண் கஸ்டமர் எல்லோரையும் அண்ணே என்று கூப்பிடுகிறவர், எழுமலைக்காரரை மட்டும் "ஏங்க" என்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன். "என்னடா பாக்குற? போயி வேலையப் பாரு" என்று விரட்டினார். முகம் சிவந்திருந்தது.

கல்யாணப் பேச்சு எடுத்ததும் இரண்டு வீட்டிலும் சண்டைதான். தவமணி அண்ணன் வீடு விவசாயக் குடும்பம். அவருடைய அம்மா, "பட்டு ஏவாரம் பண்ற வீட்டுப் பிள்ளை, நம்ம வீட்டுல வந்து சாணி மிதிக்குமா?" என்று இழுத்தார். அக்கா அந்த அம்மாவுக்கே போன் போட்டு அரைமணி நேரம் பேசினார். என்ன பேசினாரோ, அந்த அம்மா அதற்குப் பிறகு தாமாகவே கூப்பிட்டுப் பேச ஆரம்பித்துவிட்டார். அக்காவின் அப்பா மட்டும் அசையவில்லை. பெண்ணோடு பேசுவதையே நிறுத்தினார். கடைசியில் சொந்தக்காரர்கள் மன்றாடிக் கேட்ட பிறகு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினார்: "கல்யாணத்துக்கு வருவேன், பந்தியில உக்காந்து சாப்பிடுவேன். மேடைப் பக்கம் வர மாட்டேன்."

"அவர் வர வேணாம். மேடை அவர்ட்ட போகட்டும்" என்றார் தவமணி அண்ணன்.

கல்யாணம் அவனியாபுரத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. வீடியோ கேமராவை ஒரு கம்ப்யூட்டரில் இணைத்து, அங்கிருந்து நீளமான கேபிள் இழுத்து, சாப்பாட்டு ஹாலில் ஒரு பெரிய மானிட்டர் வைத்தோம். அப்பா எந்த நாற்காலியில் உட்காருவார் என்று கேட்டு, அதற்கு நேர் எதிரில் வைத்தோம். காலையில் அவர் வந்தார். சாப்பிட்டார். கை கழுவிவிட்டு, வீட்டுக்குப் போகாமல் அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

மேடை ஜோடிக்க வந்தவர்கள் செய்த வேலை எனக்குத் தெரியாமல் போனது. மேடையோரம் இருந்த கம்ப்யூட்டர் அழகாக இல்லை என்று அதன் மேல் சிவப்பு வெல்வெட் துணியைப் போர்த்திவிட்டிருந்தார்கள். பக்கத்தில் ஓமம் எரிகிறது, வீடியோக்காரரின் லைட் வேறு. தாலியை எல்லோரும் தொட்டுக் கும்பிடும்படி தட்டில் கொண்டுபோகும் நேரம். மேளச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மணையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த அக்கா சட்டென்று நிமிர்ந்தார். "பாண்டி, அது கத்துதுடா! துணியை எடு!" நான் பாய்ந்து துணியை உருவுவதற்குள் கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது. இந்த முறை சூடு நிஜம்.

அக்கா புரோகிதரைப் பார்த்துச் சொன்னார், "கொஞ்சம் பொறுங்க சாமி. படம் வரட்டும்."

"நல்ல நேரம் போயிட்டிருக்கும்மா!"

"எங்க அப்பா பாக்காம என்ன நல்ல நேரம்?"

தவமணி அண்ணன் தாலியைக் கையில் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தார். ஒருவர் விசிறி கொண்டுவந்து கம்ப்யூட்டருக்கு வீசினார். அது மெதுவாக உயிர் பெற்றது. என் பக்கம் படம் வந்துவிட்டது. ஆனால் ஹாலில் படம் வரவில்லை என்று அங்கிருந்து குரல் கொடுத்தார்கள். அக்கா என் செல்போனைக் கேட்டு வாங்கினார். மாலையும் முக்காடுமாக மணையில் உட்கார்ந்து, பல மாதங்களாகப் பேசாத அப்பாவுக்குப் போன் போட்டார்.

சௌராஷ்டிரத்தில்தான் பேசினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நடுவில் மானிட்டர், பட்டன், கிரீன் லைட் என்று மட்டும் காதில் விழுந்தது. கஸ்டமரிடம் பேசுகிற அதே நிதானம். பிறகு சாப்பாட்டு ஹாலிலிருந்து கைதட்டல். அக்கா போனைக் காதில் வைத்தபடியே கேமராவைப் பார்த்துச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. "கட்டுங்க" என்றார். தவமணி அண்ணன் கட்டினார்.

அப்பா என்ன சொன்னார் என்று பிறகு கேட்டேன். "வந்துருச்சு, நீ தெரியுறனு சொன்னாரு. ஏன் இம்புட்டு எளச்சுப் போயிட்டனு கேட்டாரு" என்றார். திரை இருண்டதும் அப்பாவே எழுந்து போய் மானிட்டரில் இருந்த பொத்தான் எல்லாவற்றையும் அழுத்திப் பார்த்திருக்கிறார். அதில்தான் அது அணைந்து கிடந்திருக்கிறது. படம் வந்ததும், யாரோ கையில் கொடுத்த அட்சதையை அந்த மானிட்டர் மேலேயே போட்டிருக்கிறார். மறுநாள் நான் அதைத் திறந்து உள்ளே விழுந்த மஞ்சள் அரிசியைத் தட்டி எடுத்தேன். அக்காவிடம் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கல்யாணம் முடிந்து இருவரும் வில்லாபுரத்தில் குடியேறினார்கள், அக்கா வழக்கம்போலக் கடைக்கு வந்தார். அடுத்த மாதமே அப்பா தன் ஜவுளிக்கடைக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். எங்கள் கடையில்தான் வாங்கினார். அதில் யாரும் பில் போட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் தினமும் காலையில் கடை திறந்ததும் எங்களுக்குப் போன் வரும், மானிட்டர் வரவில்லை என்று. அக்கா முகத்தை மிகவும் சீரியசாக வைத்துக்கொண்டு, "கேபிளை அழுத்திப் பாருங்க" என்பதில் தொடங்கி, அம்மாவின் கால்வலி, தீபாவளிச் சரக்கு, தவமணி வீட்டு மாடு ஈன்ற கன்று வரை பேசி முடிப்பார். முதலாளி ஒன்றும் சொல்ல மாட்டார். வாரண்டி முடிந்த பிறகும் அந்த சர்வீஸ் நிற்கவில்லை.

அக்கா இதய நோய் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பார்க்கப் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மானிட்டர், பச்சைக் கோடு, பீப் சத்தம். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்துவிட்டு, "என்னையப் பாருடா, அதை என்ன பாக்குற? வெட்டியாக் கத்துது. நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றார். இருவருக்குமே சிரிப்பு வந்துவிட்டது. நர்ஸ் என்னைத் திட்டினார். அதுதான் நாங்கள் கடைசியாகச் சேர்ந்து சிரித்தது.

காரியம் எல்லாம் முடிந்து கடை திறந்த முதல் நாள் காலை, போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். "பாண்டியா?" என்றார் அக்காவின் அப்பா. பிறகு, "மானிட்டர் வரலப்பா" என்றார்.

கேபிளை அழுத்திப் பார்க்கச் சொன்னேன். அழுத்தினாரோ இல்லையோ, பேச ஆரம்பித்தார். சின்ன வயதில் அவள் ரேடியோவைப் பிரித்துப் போட்டது, அடி வாங்கியது, அடுத்த நாளே அதைப் பாட வைத்தது. சொல்லிக்கொண்டே போனார். நடுவில் ஓரிடத்தில் அவரே சிரித்தார். வெளியே இரண்டு கஸ்டமர்கள் காத்திருந்தார்கள். ராதாபாய் அக்கா எத்தனை அவசரத்திலும் ரிசீவரைத் தாம் முதலில் வைத்து நான் பார்த்ததில்லை. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அதுதான். கஸ்டமர்களை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, அப்பா வைக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.