பியானோக்காரியின் கைத்துப்பாக்கி

மார்ச் மாதம் நடந்ததை வெர்லீன் ஸ்டக்கி போலீசைத் தவிர யாரிடமும் முழுசாகச் சொல்லவில்லை. சொன்னால், ஒன்றுமே நடக்கவில்லையே என்பார்கள்.

முப்பத்தொரு வருடமாக, தென் மிசௌரி மலைப்பக்கத்தில் நான்கு கவுண்டி மாவட்டங்களுக்கும் பியானோ சுருதி சேர்ப்பவள் அவள்தான். வயது ஐம்பத்து நான்கு. புருஷன் மெர்ல் இறந்து ஆறு வருடம். அன்று ஓர் ஆள் போன் செய்து, அம்மாவின் பியானோ சுருதி போய்விட்டது என்றான். ஹைவேயிலிருந்து ஏழு மைல் உள்ளே, சரளைப் பாதை முடிகிற இடத்தில் வீடு. கருவிப் பையோடு உள்ளே நுழைந்தாள். கூடத்தில் ஒரு நாற்காலிகூட இல்லை.

"பியானோ எங்க?" என்றாள்.

அவன் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். "என்ன அவசரம்?" என்று சிரித்தான்.

அந்த நேரம் பார்த்து ஒரு கேஸ் லாரி, வழி தப்பியோ என்னவோ, வாசலில் திரும்பி ஹாரன் அடித்தது. அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். வெர்லீன் தாழ்ப்பாளை இழுத்துத் திறந்துகொண்டு ஓடினாள்.

கவுண்டி போலீசான ஷெரிஃப் ஆபீசில் டெபுடி பொறுமையாகத்தான் கேட்டான். "உங்களத் தொட்டானா?"

"இல்ல."

"மிரட்டினானா?"

"இல்ல. சிரிச்சான்."

டெபுடி எழுதிக்கொண்டான். அது வருடக்கணக்காக ஆளில்லாத வீடு. அந்த ஆள் யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவள் கதவுப் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டுப் படுத்தாள். படுத்தபின் நான்காவது முறை எழுந்து போனாள். போன் அடித்தால் நாலைந்து மணி போகவிட்டுத்தான் எடுத்தாள்.

டிராக்டர் பழுது பார்க்கும் தம்பி லாய்டிடம், ஒரு கைத்துப்பாக்கி வாங்கப்போகிறேன் என்றாள். எது என்பதில் அவனுக்குச் சந்தேகமே கிடையாது. "அக்கா, நாற்பத்தஞ்சுக்குக் கீழ எதுவா இருந்தாலும் எனக்கு அது பொம்மைதான். ஒண்ணு பட்டா ஆள் விழுந்துடணும். அப்பா வெச்சிருந்தது அதானே?"

"அப்பாவோட கை மம்பட்டி மாதிரிடா. என் கையப் பாரு."

இருபத்திரண்டு, முப்பத்தெட்டு, நாற்பத்தைந்து என்று குண்டின் விட்டத்தை வைத்து அந்த ஊரில் ஆண்கள் சண்டை போட்டுக்கொள்வதைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் அவள். பேஸ்பால் பேச்சு கேட்பதுபோல் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டிருந்தாள். இப்போது அது அவளுடைய கவலை ஆகிவிட்டது.

லாய்ட் அப்பாவின் நாற்பத்தைந்தை அவள் கையில் கொடுத்து, தன் மேய்ச்சல் நிலத்தில் ஒரு தகர டப்பாவை நட்டு வைத்தான். காதுக்குள் அடைக்கப் பஞ்சுபோன்ற அடைப்பான் இரண்டு கொடுத்தான். அதில் ஒன்று சரியாக உட்காராததை அவள் கவனிக்கவில்லை. சுட்டாள். கட்டை விரல் அடியில் யாரோ சுத்தியலால் போட்டதுபோல் இருந்தது. முப்பது வருடமாகச் சுருதி ஆணிகளை முறுக்கி முறுக்கித் தேய்ந்த மூட்டு அது. வலது காதில் ஒரு கீச்சொலி ஏறி, இறங்காமல் நின்றது.

மறுநாள் ஒரு சர்ச் பியானோவின் முன் உட்கார்ந்தாள். இரண்டு கம்பிகள் ஒன்றோடொன்று சேராதபோது எழும் மெல்லிய அலையைக் கேட்டுத்தான் சுருதி பிடிக்க வேண்டும். மேல் ஸ்தாயியில் அந்த அலையே கேட்கவில்லை. கீச்சொலிதான் கேட்டது. "கம்பி இன்னும் படியணும், வியாழக்கிழமை வரேன்" என்று பாதிரியாரிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வெளியே வந்து, வண்டிக்குள் உட்கார்ந்து அழுதாள். அந்த ஆளுக்குப் பயந்து சோற்றைக் கெடுத்துக்கொண்டோமே என்றிருந்தது. மூன்றாம் நாள் காது தெளிந்தது.

கடைக்குப் போனாள். விற்பனையாள் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு குட்டித் துப்பாக்கியை எடுத்து வைத்தான். ரோஸ் நிறப் பிடி. "குண்டு சைஸ் முந்நூற்றெண்பது. லேடீஸ்லாம் இதுதான் மேடம் வாங்குறாங்க. பர்ஸ்ல போட்டுக்கலாம்."

அதன் மேல்பகுதியைப் பின்னால் இழுத்தால்தான் தோட்டா உள்ளே ஏறும். வெர்லீன் இழுத்தாள். பாதிகூட வரவில்லை.

"வீட்டுக்காரர இழுத்துக் குடுக்கச் சொல்லுங்க."

"அவர் போய் ஆறு வருஷமாச்சு. வரச் சொல்லிப் பாக்கட்டுமா?"

அவன் முகம் சிவந்து கண்ணாடிப் பெட்டியைத் துடைக்கத் தொடங்கினான்.

சுடுதளத்தில் சனிக்கிழமைதோறும் மார்சி டில்பெக் என்பவள் கற்றுக்கொடுப்பதாகக் கேள்விப்பட்டாள். முப்பத்து நான்கு வயதுக்காரி. மற்ற நாட்களில் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள். எந்தத் துப்பாக்கி வேண்டும் என்று அவள் கேட்கவில்லை.

"பொழப்புக்கு என்ன பண்றீங்க?"

"பியானோவுக்குச் சுருதி சேர்க்கிறேன்."

"ஐயையோ, அப்ப முதல்ல காதப் பாக்கணும்." உள்ளே அடைப்பான், அதன் மேல் பெரிய காது மூடி, இரண்டையும் தானே மாட்டிச் சரிபார்த்தாள்.

முதலில் கொடுத்தது இருபத்திரண்டு. சுட்டால் பின்னால் தள்ளும் உதை என்று சொல்ல ஒன்றுமில்லை. பத்து குண்டுகளும் காகித இலக்கில் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தன. இழுத்த மூச்சை மெல்ல விடுவதும், விரலை மட்டும் அசைப்பதும் அவளுக்குப் பழகிய வேலை. முடித்தபோதுதான், பத்து நிமிடம் பயமில்லாமல் இருந்திருக்கிறோம் என்று உறைத்தது.

"இதையே இடுப்புல வெச்சுக்கக் கூடாதா?"

"கூடாதுன்னு சொல்ல மாட்டேன். கையில நிக்காத நாற்பத்தஞ்ச விட, கையில நிக்கிற இது தேவல. ஆனா இந்தத் தோட்டா அப்பப்போ வெடிக்காமப் போயிடும். டிக்குனு ஒரு சத்தம், அவ்ளோதான். காகிதத்து முன்னாடின்னா சிரிச்சுட்டுப் போயிடலாம்."

அந்த 'டிக்' அன்றிரவெல்லாம் வெர்லீனின் தலைக்குள் இருந்தது.

அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். முப்பத்தெட்டு ரிவால்வரில் இழுக்கிற தொல்லை இல்லை. ஆனால் சட்டைக்குள் மறையும் அளவுக்கு இலேசாகச் செய்த ரகத்தில் ஐந்து குண்டு சுட்டதுமே கை வீங்கியது. ரோஸ் பிடிக் குட்டியும் அப்படித்தான். "சின்னதுன்னா மெதுவா இருக்கும்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. அதுக்கு எடை இல்ல பாருங்க, மொத்த உதையும் உங்க கைக்குத்தான்" என்றாள் மார்சி. கடைசியில் ஒன்பது மில்லிமீட்டர், நடுத்தர அளவு, கொஞ்சம் கனம். "மேல இருக்கிறத இழுக்காதீங்க அக்கா. அத இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, பிடியை முன்னால தள்ளுங்க." தள்ளினாள். நகர்ந்தது. சத்தம் பெரிதுதான். உதை தோள்வரை வந்து அங்கேயே கரைந்தது.

இலக்குக்கு இருபத்திரண்டு, இடுப்புக்கு ஒன்பது மில்லிமீட்டர் என்று முடிவானது.

அன்று மார்சி ஒன்று கேட்டாள். "எப்ப எடுக்கணும், எப்ப எடுக்கக் கூடாதுன்னு யோசிச்சு வெச்சிருக்கீங்களா?"

"யோசிக்கிறேன்" என்றாள் வெர்லீன். யோசிக்கவில்லை.

ஜூன் வெயிலில் தொளதொள சட்டை போட்டு மறைத்துக்கொண்டாள். பெடல் பார்க்கக் குனிந்தால் விலாவில் இடித்தது. பாதிரியார் சம்மதமில்லாமல் சர்ச்சுக்குள் கொண்டுபோக முடியாது என்பதால், வண்டியில் ஒரு பெட்டியில் பூட்டிவிட்டுப் போவாள். பூட்டினோமா என்று திரும்பி வந்து பார்ப்பாள்.

அக்டோபரில் ஆல்டன் ரஸ்க் என்ற வயதான குரல் கூப்பிட்டது. தனி வீடு. அவர் கதவைத் திறந்து அவளை உள்ளே விட்டு, சாவி போட்டுப் பூட்டி, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

வெர்லீனின் கை சட்டைக்குள் போய்விட்டது. போனதே அவளுக்குத் தெரியாது. பிடி உள்ளங்கையில் இருந்தது, பாதி வெளியே வந்துவிட்டது. அப்போது பக்கத்து அறையிலிருந்து நைட்டி போட்ட ஒரு கிழவி எட்டிப் பார்த்தாள். "ஆல்டன், பஸ் வந்துடுச்சா?"

"இன்னும் வரலம்மா, போய் உக்காரு." பிறகு வெர்லீனிடம் திரும்பினார். "என் சம்சாரத்துக்கு ஞாபகம் போச்சு. கதவு தொறந்திருந்தா ரோட்டுக்குப் போயிடறா. போன்லயே சொல்லியிருக்கணும்." சொல்லும்போதே அவர் கண் அவள் கையில் விழுந்தது. மெதுவாகச் சாவியை எடுத்து, பியானோ மூடி மேல் வைத்தார். "இங்கயே இருக்கட்டும். எப்ப வேணாலும் தொறந்துக்கிட்டுப் போங்க."

பியானோ நல்ல பியானோ. அப்படியும் ஒரே ஸ்தாயியை மூன்று முறை திரும்பச் செய்தாள். திரும்பும் வழியில் வண்டியை ஓரம் கட்டி வாந்தி எடுத்தாள்.

சனிக்கிழமை மார்சியிடம் கேட்டாள். "சுட்டிருப்பேனா?"

"சுடலையே."

"நான் அதக் கேக்கல."

மார்சி காது மூடியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தாள். "தெரியல அக்கா" என்றாள்.

அதற்குப் பிறகு வெர்லீன் புதிய ஆள் யார் கூப்பிட்டாலும் ஒன்று கேட்டாள். "மேல்மூடியத் தூக்குங்க. உள்ள இரும்புத் தகட்டுல ஒரு நம்பர் இருக்கும். படிச்சுச் சொல்லுங்க." சிலர் சிரித்தார்கள். ஒருத்தி, உள்ளே எலிக்கூடு இருப்பதாகக் கத்தினாள். எல்லோரும் படித்துச் சொன்னார்கள்.

நவம்பர் கடைசியில் ஒருவன், "எங்கம்மாவோட பியானோ" என்றான். மார்ச்சில் கேட்ட அதே பேச்சு. நம்பரைக் கேட்டாள்.

"நம்பரா? வந்து நீங்களே பாத்துக்கலாமே."

"படிச்சுச் சொன்னாத்தான் வருவேன்."

மூச்சு மட்டும் கேட்டது. பிறகு போன் கட்டாகிவிட்டது.

இந்த முறை டெபுடி எழுதியதோடு நிற்கவில்லை. பக்கத்துக் கவுண்டியில் வீடு துப்புரவு செய்யும் பெண் ஒருத்திக்கும் இதேபோல் அழைப்பு வந்திருந்தது. அவள் போயிருந்தாள். அங்கே கேஸ் லாரி வரவில்லை. இரண்டு அழைப்பும் ஒரே போனிலிருந்து. ஆறு ஆட்களின் படங்களைக் காட்டியபோது வெர்லீன் இரண்டாவது படத்திலேயே விரலை வைத்தாள். வைத்த விரலை எடுக்க முடியவில்லை.

கைதானவன் ஜாமீனில் வெளியே வந்தான். அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் குப்பை கொட்டப் போனால்கூடத் துப்பாக்கியோடுதான் போனாள். ஏப்ரலில் சாட்சி சொல்ல வேண்டிவந்தது. கோர்ட்டுக்குள் எதையும் கொண்டுபோக முடியாது. இருபது நிமிடம் பேசினாள், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு. அவன் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான், சிரிக்கவில்லை. துப்புரவுப் பெண் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தாள். வெளியே தாழ்வாரத்தில் வெர்லீன் அவளருகே போய் நின்றாள். அந்தப் பெண்தான் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஐந்து வருடம் என்று தீர்ப்பானது. லாய்ட் அதை அரை மைலுக்குக் கேட்கிற மாதிரி திரும்பத் திரும்பச் சொன்னான். "அஞ்சு வருஷம் அக்கா! ஒழிஞ்சான்!"

வண்டிச் சாவியை அவனிடம் நீட்டினாள். "நீயே ஓட்டுடா."

போன மாதம்தான் அவளுக்கு ஐம்பத்தைந்து முடிந்திருந்தது. வழியெல்லாம் மனதுக்குள் கூட்டிக்கொண்டே வந்தாள்: அவன் வெளியே வரும்போது அறுபது.