தன் குடலைத் தானே பார்த்த உச்சியக்கா

துறைமுகத்துச் சரக்குத் தளத்தில் கிரேன் ஓட்டும் பெண்கள் அதிகம் இல்லை. இருப்பவர்களில் மூத்தவரை எல்லோரும் உச்சியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் ஏணியேறிக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்தால் சாப்பாட்டு நேரம்வரை கீழே இறங்க மாட்டார். மேலே கழிப்பறை கிடையாது. தண்ணீரைக் குறைத்துக் குடிப்பதும், வருவதையெல்லாம் அடக்கி வைப்பதும் அந்தத் தொழில் பழக்கிவிடும் கெட்ட வழக்கங்கள். உச்சியக்கா அடக்குவதில் கெட்டிக்காரர். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மலத்தோடு இரத்தம் போவதைப் பார்த்ததும் வீட்டுக்காரரிடம் சொன்னார். அவர் தச்சர். வீட்டுச் சங்கதி வாசல் தாண்டக் கூடாது என்று நினைப்பவர்.

"மூலமாத்தான் இருக்கும். உடம்புச் சூடு. தண்ணி நிறையக் குடி."

"எங்கண்ணனும் இதேதான் சொல்லிக்கிட்டிருந்தான்."

அந்த அண்ணன் மூலம் மூலம் என்று வெட்கப்பட்டு மறைத்து, ஒருவழியாக டாக்டரிடம் போனபோது குடலில் புற்றுநோய் முற்றியிருந்தது. ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை.

"வெக்கப்பட்டுச் சாக எனக்கு இஷ்டமில்ல. என்ன இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்" என்றார் உச்சியக்கா.

அடிக்குடலைக் கேமரா விட்டுப் பார்ப்பதற்கு மருத்துவமனையில் நாள் கொடுத்தார்கள். அன்று அவரைக் கவனித்துக்கொண்ட நர்ஸ் கலகலப்பான பெண்மணி. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்று முதலில் கேட்டார். இல்லை என்றதும் விளக்கினார்.

"விரல் பருமன்ல ஒரு குழாய்மா. நல்லா வளையும். பின்வழியா விட்டு இடப்பக்கக் குடல் வரைக்கும் பாப்பாங்க. மயக்க மருந்து கிடையாது, கால் மணி நேரத்துல முடிஞ்சிடும். இப்ப எனிமா குடுக்கிறேன். கொஞ்ச நேரம் அடக்கிட்டு, முட்டிச்சுன்னா போயிடுங்க."

எனிமா கொடுத்தபின் நேரம் ஓடியது. நர்ஸ் திரும்பி வந்து பார்த்தால் உச்சியக்கா படுத்தது படுத்தபடி, வியர்த்து விறுவிறுத்துக் கிடந்தார்.

"என்னம்மா, இன்னும் போகலியா?"

"இன்னும் தாங்கும்."

"தாங்கறதுக்கு இங்க பரிசெல்லாம் கிடையாதும்மா! ஓடுங்க!"

ஓடினார்.

பரிசோதனை அறையில் இடப்பக்கமாகப் படுத்து முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டார். டாக்டர் இளைஞர். வெளியே இன்னும் நிறையப் பேர் காத்திருந்தார்கள்.

"டாக்டர், நான் நிறுத்துன்னா நிறுத்துவீங்களா?"

"கண்டிப்பாம்மா."

உச்சியக்கா இதைச் சும்மா கேட்கவில்லை. தளத்தில் தூக்கு, இறக்கு, திருப்பு என்று சைகை காட்ட ஒரே ஆள்தான். ஆனால் நிறுத்து என்று மட்டும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். தரை கூட்டுகிறவர் கத்தினாலும் சரக்கு அந்தரத்தில் நிற்க வேண்டும். ஏன் என்ற கேள்வி அப்புறம்தான்.

குழாய் உள்ளே போனது அவ்வளவாகத் தெரியவில்லை. குடல் விரிய வேண்டும் என்று காற்றைச் செலுத்தியபோதுதான் வயிறு முறுக்கியது.

"காத்து வெளிய வரும்போல இருக்கும். விட்டுடுங்கம்மா" என்றார் நர்ஸ்.

உச்சியக்கா விடவில்லை. விட வரவில்லை என்பதே சரி. உடம்பு பழகிய பழக்கம் அது. அடக்க அடக்க வலி ஏறியது.

"நிறுத்துங்க."

"இன்னும் ரெண்டே நிமிஷம்மா..."

"நிறுத்துன்னா நிறுத்தணும்! மத்ததெல்லாம் அப்புறம் பேசுவோம்!"

நர்ஸ் டாக்டரைப் பார்த்தார். "டாக்டர், நிறுத்தச் சொல்லிட்டாங்க."

டாக்டர் கையை அசைக்காமல் அப்படியே நின்றார். "மன்னிச்சுக்குங்கம்மா. ஆனா நீங்க காத்தைப் புடிச்சு வெச்சிருக்கீங்க. வலியே அதுலதான். விட்டாத்தான் குறையும்."

"இத்தனை பேர் முன்னாடியா?"

"நாங்க தினமும் கேக்கறதுதாம்மா. சங்கீதம் மாதிரி பழகிப்போச்சு" என்றார் நர்ஸ்.

உச்சியக்கா கண்ணை மூடிக்கொண்டு காற்றை விட்டார். கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த தச்சருக்கும் கேட்டது. வலி பாதியாய் இறங்கியது.

"தொடரலாமா?" என்று டாக்டர் கேட்டார்.

"தொடருங்க. அந்தத் திரையை இந்தப் பக்கம் திருப்புங்க. நானும் பாக்கணும்."

இளஞ்சிவப்பாக, ஈரமாக, வளையம் வளையமாக நீண்டது அவருடைய குடல். ஒரு வளைவில் சின்னக் காளான்போல ஒரு சதை முளைத்திருந்தது. உச்சியக்கா அதை முறைத்துப் பார்த்தார். மெல்லிய கம்பிச் சுருக்கால் அதை எடுக்கப்போவதாக டாக்டர் சொன்னதும் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"எப்ப எடுப்பீங்க?"

"எடுத்தாச்சும்மா."

பரிசோதனை மேசையில் உச்சியக்கா அழுதார் என்று தளத்தில் ஒரு பேச்சு உலவுகிறது. அழவில்லை. கத்தினார். இரண்டும் ஒன்றல்ல.

சோதனைக்கு அனுப்பிய சதையின் முடிவு வந்தது. புற்றாக மாறவில்லை. விட்டுவைத்திருந்தால் மாறியிருக்கக்கூடும். இன்னொரு நாள் முழுக்குடலையும் பார்த்துவிட வேண்டும் என்றார்கள்.

அதைக் கேட்டுக்கொண்டு தச்சரோடு வீடு திரும்பியபோது, மாடிப்படியில் கடிகாரம் பழுதுபார்க்கும் எதிர்வீட்டுக்காரர் நின்றிருந்தார்.

"பல்லு பிடுங்கினீங்களாமே. இப்ப எப்படிம்மா இருக்கு?"

தச்சர் சுவரைப் பார்த்தார். அவர் கட்டிவிட்ட கதை அது.

"பல்லெல்லாம் முப்பத்திரண்டும் இருக்குண்ணே. கேமரா விட்டது பின்பக்கமா. குடல்ல இருந்து ஒரு சதையை எடுத்திருக்காங்க. மறுபடியும் போகப்போறேன்."

"ஏண்டி இப்படி மானத்த வாங்குற?" என்று பல்லைக் கடித்தார் தச்சர்.

"யார் மானம்? என் குடல், நான் சொல்றேன். எங்கண்ணன் யார்கிட்டயும் சொல்லாமத்தான் செத்தான். எவனாச்சும் வந்து பாராட்டினானா?"

கடிகாரக்காரர் வழிவிட்டு ஒதுங்கினாரே தவிர, கீழே இறங்கவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நின்றார். பிறகு வேறு யாருக்கும் கேட்காத குரலில், "எந்த ஆஸ்பத்திரிம்மா? ரொம்ப வலிக்குமா?" என்றார்.

உச்சியக்கா படியிலேயே உட்கார்ந்து, மூன்று மாடிக்கும் கேட்கிற குரலில் எனிமாவிலிருந்து ஆரம்பித்தார்.